கதவை மறைத்த கார்

“ஆர்மெல் எடுத்த படத்தைப் பாத்தீங்களா மதாம்? அடடா, என்ன படம்! கதவு பேசுது போங்க!”

ரொட்டிக் கடைக்காரி இதைச் சொன்னது போன வருடம் செப்டம்பரில். சொன்ன கையோடு மறந்தும் போனாள். ரெஜின் மறக்கவில்லை. அன்றைக்கு வாங்கிய நீள ரொட்டியை வீடு போய்ச் சேர்வதற்குள் கையாலேயே நாலு துண்டாக்கியிருந்தாள்.

“கதவு பேசுதாம்! இத்தனை வருஷமா நான் எடுத்த கதவெல்லாம் என்ன, ஊமையா?” என்று கணவனிடம் கத்தினாள்.

லுசியான் செய்தித்தாளை இறக்காமலே சொன்னான். “அதுங்களும் பேசியிருக்கும். நீ எங்க நடுவுல பேச விட்டே?”

லுசியான் அப்படித்தான். எரிகிற வீட்டில் கைகாட்டிக் குளிர் காய்கிற ஜாதி. ஆனால் ரெஜினின் வயிறு உண்மையிலேயே எரிந்தது. எரியாதா பின்னே? அந்த ஆர்மெலுக்குக் கதவு என்று ஒன்று உலகத்தில் இருப்பதைக் காட்டிக்கொடுத்ததே இவள்தான்.

ரெஜின், வெர்னோல் என்கிற சின்ன ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். ஊரில் பாதிப் பேருடைய மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது அவள் விற்ற கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, பாலாடைக்கட்டித் தட்டு மேசையை விட்டுப் போனதும் லுசியான் சோபாவில் குறட்டை விடத் தொடங்குவான். இவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆற்றங்கரையிலிருந்து தேவாலயம் வரை ஏறிப் போகிற சந்துகளில் அவளுக்குத் தெரியாத கதவு கிடையாது. எந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, எதன் பச்சைக்கு அடியில் பழைய சிவப்பு எட்டிப்பார்க்கிறது, எந்த வீட்டுக்காரன் நல்ல ஓக் மரக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் கதவு போட்ட பாவி, எல்லாம் அத்துப்படி.

ஆர்மெல் அவளுடைய பள்ளிக்கூடத்துத் தோழி. கல்யாணம் கட்டி லீல் நகரத்துக்குப் போனவள், அந்தக் கல்யாணம் முறிந்து ஊர் திரும்பினாள். திரும்பிய புதிதில் சன்னல் பலகையைக்கூடத் திறக்காமல் இருட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜின் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அழுதது போதும்டி. அவன் ஒரு ஆளுன்னு அவனுக்காக அழற! எழுந்திரு, கதவு பாத்துட்டு வரலாம்.”

“கதவா? கதவுல பாக்கறதுக்கு என்னடி இருக்கு?”

“வா, காட்டறேன்.”

காட்டினாள். அங்கேதான் பிடித்தது சனி. வெயில் எந்தப் பக்கம் இருந்தால் மரத்தின் வரி எழும்பும், எங்கே நின்றால் நிலை கோணாது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். தன் மூன்று சட்டங்களையும் சொன்னாள். கதவுப் படத்தில் ஆள் இருக்கக் கூடாது. கார் இருக்கக் கூடாது. குப்பைத்தொட்டி இருக்கவே கூடாது. மஞ்சள் மூடி போட்ட அந்தத் தொட்டிகளை நினைத்தாலே அவளுக்கு ரத்தம் கொதிக்கும். வாசலுக்கு வாசல் நகராட்சி கொடுத்தது, வைத்தவர்கள் திரும்ப உள்ளே எடுக்கிற வழக்கமே இல்லை.

ஆர்மெல் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். பிறகு கைபேசியை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு ஒரு படம் எடுத்தாள். படியில் தூங்குகிற பூனை, பாதி திறந்த கதவு, உள்ளே தெரிகிற ஒரு ஜோடி மழைச் செருப்பு. அதைத்தான் போன வருடம் பாரம்பரிய நாட்களுக்கான சுவரொட்டிக்கு நகராட்சி தேர்ந்தெடுத்தது.

செப்டம்பரில் வருகிற அந்தச் சனி, ஞாயிறு வெர்னோலுக்குப் பெரிய விஷயம். வருடம் முழுக்க மூடிக்கிடக்கிற பெரிய வீடுகள் அந்த இரண்டு நாள் மட்டும் ஊராருக்குத் திறக்கும். அதற்கான சுவரொட்டிக்கு ஊர்க்காரர்கள் எடுத்த கதவுப் படங்களில் ஒன்றைப் பொறுக்குவார்கள். அது கடைக் கடையாக, சுவர் சுவராக, அடியில் எடுத்தவர் பெயரோடு ஒட்டப்படும். ரெஜின் அந்த வழக்கம் தொடங்கிய நாளிலிருந்து வருடா வருடம் படம் கொடுத்துவருகிறாள். ஒருமுறைகூட அவள் பெயர் சுவரேறவில்லை. நேற்று வந்து சேர்ந்த, இதில் இன்னும் பால் பல்கூட விழாதவள் பெயர் ஏறிவிட்டது. வளர்த்த கடா மார்பில் பாய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தக் கடா பாயக்கூட இல்லை. பக்கத்தில் நின்று, “எல்லாம் ரெஜின் கத்துக்கொடுத்தது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. அதுதான் ரெஜினுக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுக்க வேண்டாமா மனுஷி?

இந்த வருடம் விடுவதில்லை என்று ரெஜின் தீர்மானித்தாள். தெல்மா வீட்டுக் கதவைப் படம் எடுத்துவிடுவது.

ஓய்வு பெற்ற நோட்டரி தெல்மா என்கிற பெரியவரின் வீடு தேவாலயத்துக்குப் பின்சந்தில் இருந்தது. நீலமும் பச்சையும் கலந்து வெளிறிய இரட்டைக் கதவு. நடுவில் வந்தவர்கள் தட்டுவதற்கு ஒரு பெண்ணின் கை வடிவத்தில் இரும்புப் பிடி, விரலுக்குள் ஒரு குண்டு. ஊரிலேயே அழகான கதவு அதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதை ஒழுங்காகப் படம் எடுத்தவர் யாரும் இல்லை. வாசலில் எப்போதும் தெல்மாவின் குப்பைத்தொட்டி, அதன் பக்கத்தில் எதிர்வீட்டுக் குழாய்க்காரனின் வேன். சொல்லிப் பார்த்தால் தெல்மா, “கதவு உள்ளே போக வர்றதுக்கு மதாம், போட்டோவுக்கு இல்ல” என்பார்.

ஆகஸ்ட் நடுவில் விடுமுறைக்கு வெர்னோல் காலியாகும். தெல்மா பிரித்தானிக் கடற்கரைக்குப் போனார். வேன் ஸ்பெயினுக்குப் போனது. ரெஜின் விடிந்ததும் விடியாததுமாக அந்தச் சந்துக்கு ஓடினாள். தொட்டியைத் தன் கையாலேயே சந்தின் முனை வரை உருட்டித் தள்ளினாள். படிக்கல்லில் கிடந்த சிகரெட் துண்டைப் பொறுக்கினாள். வானம் மூடியிருந்தது, வெயில் வரவில்லை. பரவாயில்லை, நிழல் விழாது. நேராக நின்று, நிலை கோணாமல், ஆளில்லாமல், காரில்லாமல், தொட்டியில்லாமல் எடுத்தாள். அன்றைக்கே நகராட்சிக்கு அனுப்பியும் விட்டாள். அன்று மதியம் லுசியானுக்குப் பிடித்த வாத்துக்கறி சமைத்தாள் என்றால் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து வானம் பளிச்சென்று விட்டது. சாயங்காலம் ஆர்மெலின் தொலைபேசி.

“ஏய், நாளைக்குத்தானே படம் கொடுக்கக் கடைசி நாள்? நான் இன்னும் ஒண்ணும் எடுக்கலடி. காலைல தெல்மா வீட்டுப் பக்கம் போலாம்னு இருக்கேன். வேன் இல்லையாமே? நீயும் வாயேன்.”

ரெஜின் அவசரமாக ஒரு பொய்யைத் தேடினாள். “நாளைக்கா? மாமியாரைப் பாக்கப் போகணுமேடி.”

“அப்ப சரி. மாமியாருக்கு என் முத்தம் சொல்லு.”

போனை வைத்துவிட்டு ரெஜின் அடுக்களையில் நெடுநேரம் நின்றாள். அதே கதவை ஆர்மெல் வெயிலில் எடுப்பாள். எடுத்தால் அது பேசும். ஊமைப் படத்தையும் பேசுகிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வைக்கவே விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். பொறாமைக்கு மூளை வேலை செய்கிற வேகம் படிப்புக்குச் செய்தால் ஊரில் எல்லாரும் டாக்டர்தான்.

மறுநாள் காலை தன் பழைய வெள்ளை காரைக் கொண்டுபோய் தெல்மா வீட்டு வாசலில், கதவை உரசாத குறையாக, முழுநீளத்துக்கும் நிறுத்தினாள். அதுவும் போதாதென்று சந்தின் முனைக்குப் போய், தான் உருட்டிவிட்ட தொட்டியைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்து காரின் மூக்குப் பக்கம் வைத்தாள். மஞ்சள் மூடியைக் கதவுப் பக்கமாகத் திருப்பியும் வைத்தாள். குப்பைத்தொட்டியை அவள் அன்போடு தொட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

காரை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. சந்து அவ்வளவு குறுகல். நகராட்சிக் காவலர் கண்ணில் பட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் பக்கத்திலேயே நின்றாள். வாங்கிவந்த குரோசான் ரொட்டியைத் தின்றாள்.

அப்போதுதான் வெயில் வந்தது.

தேவாலயக் கூரைக்கு மேலே ஏறிய சூரியன் சந்துக்குள் சாய்வாக இறங்கியது. முதலில் நிலைக்கல், பிறகு கதவின் மேல்பாதி. வெளிறிய நீலம் என்று இவள் இத்தனை காலம் நினைத்திருந்தது நீலமே இல்லை. உள்ளே ஒரு மஞ்சள், அதற்குள் ஒரு பச்சை, ஒவ்வொன்றாக எழுந்துவந்தன. இரும்புக் கையின் விரல்களுக்கு நகம்கூட இருந்தது. ரெஜினுக்கு அது அன்றுவரை தெரியாது. கேமரா வீட்டில். கைபேசியில் எடுப்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல், எடுத்தாலும் நடுவில் தன் கார். காரின் கூரைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கைமேல் முகவாயை வைத்துக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்தபடி நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாளோ.

“அடியே! நீயா? மாமியார் வீடு எப்படி இந்தச் சந்துக்கு வந்துச்சு?”

ரெஜின் துள்ளித் திரும்பினாள். சந்து முனையில் ஆர்மெல், கையில் கைபேசி.

“கார்... கார் நின்னுபோச்சுடி. கிளம்ப மாட்டேங்குது.”

“அய்யோ பாவம்! இரு, லுசியானைக் கூப்பிடறேன்.”

“வேண்டாம் வேண்டாம், அவர் தூங்கறார்—”

அதற்குள் ஆர்மெல் கூப்பிட்டுவிட்டாள். லுசியான் வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தான். மனைவியைப் பார்த்தான், காரைப் பார்த்தான், மஞ்சள் மூடியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கார் ஒரே திருப்பில் உறுமியது.

“பாவம், ஏதோ கோவத்துல நின்னுருக்கு. இப்பத் தணிஞ்சிருச்சு போல” என்றான்.

கார் நகர்ந்தபோது வெயில் கதவைவிட்டு விலகிப் போயிருந்தது. ஆர்மெல் அதைப் பார்த்து, “சரி விடு, இன்னைக்கு அவ்வளவுதான்” என்று சிரித்தாள். ரெஜினுக்கு மனசு குளிர்ந்தது. அன்றும் வாத்துக்கறிதான். லுசியான் சாப்பிட்டுக்கொண்டே, “இந்த மாசம் ஊர்ல வாத்தே மிஞ்சாது” என்றான்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். நகராட்சியில் பண்பாட்டு வேலைகளைப் பார்க்கிற செவெரின், கண்ணாடிக்குக் கால் மாற்ற வந்த சாக்கில் கடைக்கு வந்தாள்.

“மதாம் ரெஜின், ஒரு சின்ன சிக்கல். ஆர்மெல் கொடுத்த படத்தைத்தான் எல்லாரும் ஒருமனசாத் தேர்ந்தெடுத்திருக்கோம். ஆனா அதுல நீங்க இருக்கீங்க.”

“நானா?”

“தெல்மா வீட்டு வாசல்ல. கார்மேல சாஞ்சுக்கிட்டு. முகம் நல்லாத் தெரியுது. நீங்க சம்மதிச்சாத்தான் ஒட்ட முடியும், உங்களுக்குத் தெரியாததா?” கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். “பாக்கறீங்களா? ரொம்ப அழகா—”

“வேண்டாம்!” ரெஜின் கத்திய கத்தலில் கண்ணாடிக் கால் கீழே விழுந்தது.

எடுத்திருக்கிறாள். கதவை விட்டுவிட்டு, கதவை மறைத்தவளை எடுத்திருக்கிறாள்! காரும் தொட்டியுமாக, கையும் களவுமாக. அதை ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டினால் பார்க்கிறவன் கேட்கமாட்டானா, இவளுக்கு அங்கே என்ன வேலை என்று?

“நான் சம்மதிக்கலைன்னா?”

“அப்ப அடுத்த இடத்துல இருக்கற படம் போகும்.” செவெரின் சங்கடமாகச் சிரித்தாள். “அது உங்களோடதுதான்.”

ரெஜின் குனிந்து கண்ணாடிக் காலைத் தேடினாள். கிடைத்த பிறகும் தேடினாள்.

“அன்னைக்கு எனக்குத் தலைகூட வாரலை செவெரின். என் மூஞ்சி சுவர்ல இருக்கறது எனக்குப் பிடிக்காது” என்றாள் எழுந்து.

அவ்வளவுதான். இந்த ஊரில் ஒருத்தி தன் முகத்தைத் தரமாட்டேன் என்றால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது அநாகரிகம். செவெரின் கேட்கவில்லை. சாயங்காலம் தொலைபேசியில் ஆர்மெலும் கேட்கவில்லை. “மூஞ்சி உன்னோடதுடி, உன் இஷ்டம். உன் படம் போகுதுல்ல, அதுவே போதும்” என்றாள். குரலில் ஒரு துளி கசப்பு இருக்குமா என்று ரெஜின் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. அந்த எரிச்சலில் அன்று ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை.

செப்டம்பரில் சுவரொட்டி வந்தது. அடியில் ரெஜினின் பெயர். இத்தனை வருடம் ஏங்கிய பெயர். ரொட்டிக் கடையில் கல்லாவுக்குப் பின்னாலேயே ஒட்டியிருந்தது. ரெஜின் வேண்டுமென்றே வரிசையில் நிதானமாக நின்றாள். தன் முறை வந்ததும் சில்லறையை மெதுவாகத் தேடினாள்.

ரொட்டிக் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். “ஆமா, உங்க படம்ல! நல்லா இருக்கு மதாம்.” கொஞ்சம் யோசித்தாள். “நேரா இருக்கு.”

“நேரா இருக்குன்னா?”

“கதவு. நேரா நிக்குது. வேற ஏதாவது வேணுமா, மதாம்?”

பாரம்பரிய நாளன்று தெல்மா வீடும் திறந்தது. சந்து நிறையக் கூட்டம். மேயர் ரெஜினின் கையைக் குலுக்கினார். தெல்மா புதுக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு எல்லாரையும் உள்ளே அனுப்பினார். கதவு இரண்டு பக்கமும் உள்நோக்கித் திறந்து சுவரோடு ஒட்டிக்கிடந்தது. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் உள்முற்றத்துக் கிணற்றின் மேல். ரெஜின் மட்டும் வாசலில் நின்றாள்.

ஆர்மெல் வந்து கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டாள். கையில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய தட்டையான பொட்டலம்.

“இந்தா. சுவர்ல போடக் கூடாதுன்னுட்டே. அப்ப இது உனக்கு மட்டும்தான்.”

“என்னது?”

“வீட்ல போய்ப் பாரு.” போகத் திரும்பியவள் நின்றாள். “ரெஜின், அன்னைக்குக் கார் ஒண்ணும் கெட்டுப்போகலன்னு எனக்குத் தெரியும்டி. நான் முனைக் காப்பிக் கடைலதான் உக்காந்திருந்தேன். நீ நிறுத்தினதையும் பாத்தேன், தொட்டி உருட்டினதையும் பாத்தேன்.”

“அப்புறம் ஏன்டி ஒண்ணும் சொல்லல?”

“என்ன சொல்ல? உன் மேல கோவமாத்தான் எழுந்து வந்தேன். நல்லாக் கேட்டுடணும்னுதான் வந்தேன். வந்து பாத்தா நீ நின்ன நிலையைப் பாத்து எல்லாம் மறந்துபோச்சு.” தோளைக் குலுக்கினாள். “இருட்டு வீட்டுக்குள்ள இருந்து என்னை இழுத்துட்டு வந்து, ‘காட்டறேன் வா’ன்னயே, அன்னைக்கும் உன் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டாள். ரெஜினுக்குக் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. இதிலுமா இவள் முந்திக்கொள்ள வேண்டும்? மன்னிப்பதிலுமா?

வீடு வரை பொறுமையில்லை. சந்து முனையில், மஞ்சள் மூடித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று காகிதத்தைக் கிழித்தாள்.

கார் இருந்தது. தொட்டி இருந்தது. ஆளும் இருந்தாள். கூரைமேல் முழங்கை ஊன்றி, கன்னத்தில் குரோசான் துகள் ஒட்டியிருக்க, தலை கலைந்து, வயதான ஒரு பெண். கதவில் பட்டுத் திரும்பிய வெயில் அவள் முகத்தில் விழுந்திருந்தது. களவு எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை. பசித்த குழந்தை மாதிரி அவள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்ப்பதற்குத்தான் கதவு இருக்கிறது என்று படத்தைப் பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும்.

பின்னால் வந்த லுசியான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவனுக்கே வாயில் கேலி வரவில்லை. “யார் இது, இவ்வளவு அழகா?” என்றான்.

ரெஜினுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெட்கத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்து லுசியான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். வெட்கமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்த அந்த முதல் நொடியில் அவள் வயிற்றில் பற்றிக்கொண்டது வேறு. இதை நான் எடுத்திருக்கக் கூடாதா!